பயணிகள் இறங்க மறுக்கும் ஆட்டோ

தென்காசி தனி மாவட்டமான பிறகுதான் அப்படி ஓர் ஊர் இருப்பது சென்னையில் இரண்டு கம்பெனிகளுக்குத் தெரியவந்தது. அதுவும் ஒரே வாரத்தில் தெரியவந்தது. ஒரு கம்பெனிக்குப் பெயர் பறபற. இன்னொன்றுக்கு ஏறிக்கோ. இரண்டும் செல்போனில் ஆட்டோ கூப்பிடுவதற்கான ஆப். அதுவரை இந்தப் பக்கத்தில் ஆட்டோ வேண்டுமென்றால் கையைத் தட்டி, "ஏய் ஆட்டோ" என்று கூப்பிட்டார்கள், ஆட்டோ வந்தது. இது மிகவும் சிக்கலான முறை என்று இரண்டு கம்பெனிகளும் தனித்தனியே ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்திருந்தன.

அந்த ஆராய்ச்சியில் போய் மாட்டிக்கொண்டவர் சிவனணைந்தபெருமாள். சிவன் பெயரை வைப்பதா பெருமாள் பெயரை வைப்பதா என்று முடிவுக்கு வரமுடியாமல் இரண்டையும் சேர்த்து வைத்துவிட்ட குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் குணம் அவருக்கும் குறையாமல் இறங்கியிருந்தது. இட்லியா தோசையா என்று சர்வர் கேட்டால் பக்கத்து மேசைக்காரர் முகத்தைப் பார்ப்பார். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட, "எனக்குச் சம்மதம்" என்று குழல்வாய்மொழிதான் முதலில் சொன்னாள். இவர் அதைக் கேட்டுவிட்டு, "அப்பம் எனக்கும் சரி" என்றார். ஊரில் எல்லோரும் அவரைப் பெருமாள் என்று சுருக்கித்தான் கூப்பிட்டார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

குற்றாலம் மெயின் அருவி ஸ்டாண்டில் அவருக்கு ஆட்டோ. ஸ்டாண்டின் கடைசியில், வாகை மரத்தடியில், அவர் வண்டிக்கென்று ஓர் இடம். சீசன் காலத்தில் அவர் செய்ததை ஆட்டோ ஓட்டுவது என்று சொன்னால் பாதிதான் சரி. மீதிப் பாதி, பத்திரமாக வைத்துக்கொண்டிருப்பது. அருவியில் குளிக்கப் போகிறவன் செல்போனை எங்கே வைப்பான்? தலையில் எண்ணெய் வழிகிறது, இடுப்பில் ஒரு துண்டுதான் இருக்கிறது. பெருமாளிடம் கொடுத்துவிட்டுப் போவான். டிரைவர் சீட்டுக்கு அடியில் அவர் பழைய ரஸ்க் டின் ஒன்று வைத்திருந்தார். செல்போன், வாட்ச், மோதிரம், மூக்குக்கண்ணாடி, ஒரு தடவை யாரோ ஒரு பெரியவரின் பல்செட், எல்லாம் அதற்குள் போகும். மெயின் அருவியில் குளித்து, ஐந்தருவியில் குளித்து, கேரள பார்டர் பக்கம் போய்ப் பரோட்டாவும் தின்ற பிறகுதான் ஆட்களுக்கு போன் ஞாபகமே வரும். அதற்கெல்லாம் அவர் ரசீது கொடுத்ததில்லை, யாரும் கேட்டதுமில்லை. ரஸ்க் டின் ஆட்டோ என்றால் சுரண்டையிலிருந்து வருகிறவர்களுக்குக்கூடத் தெரியும். இதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

அவர் மாட்டிக்கொண்டது குடையால். சாரல் தொடங்கிய நாளில் தென்காசி ரயில்வே ஸ்டேஷன் வாசலில் பச்சைச் சட்டை போட்ட ஒருவன், பறபறவில் சேர்ந்தால் குடை இலவசம் என்றான். பெருமாள் சேர்ந்தார். நாலடி தள்ளி ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒருத்தி, ஏறிக்கோவில் சேர்ந்தால் குடை இலவசம் என்றாள். வீட்டில் குழல்வாய்மொழிக்கும் ஒரு குடை வேண்டுமே என்று நினைத்து அதிலும் சேர்ந்தார். பச்சைக் குடையைப் பிடித்துக்கொண்டு, ஆரஞ்சுக் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் ஸ்டாண்டுக்கு வந்தபோது, ஸ்டாண்டுத் தலைவர் அருமைநாயகம் வாகை மரத்தடியில் கைகட்டி நின்றார்.

"வாரும் வே. ஆப்புல சேந்துட்டீரோ? நல்லது. ஆப்புக்காரனுக்கு ஸ்டாண்டுல எடம் கெடயாது. உம்ம வண்டியக் கொண்டுபோயி செல்போனுக்குள்ள நிப்பாட்டிக்கிடும்."

"அண்ணாச்சி, குடைக்காவத்தான் சேந்தேன்."

"அப்பம் குடைக்குக் கீழ நில்லும்."

மறுநாள் வாகை மரத்தடியில் வேறொரு வண்டி நின்றது. பெருமாள் வந்த வழியே வண்டியைத் திருப்பினார். வேறு வழியில்லாமல் அவர் முழுநேர ஆப்புக்காரரானார்.

பறபறவின் அறிமுக விழா தென்காசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளை பெண் உட்காரும் சிவப்பு நாற்காலியில் ஒற்றை ஆளாக விஜயசங்கர் உட்கார்ந்திருந்தார். சென்னையிலிருந்து வந்த அதிகாரி. அவருடைய பதவியின் பெயர் பங்காளர் மகிழ்ச்சி மண்டல மேலாளர். டிரைவர்களைக் கம்பெனியில் பங்காளர் என்றுதான் சொல்ல வேண்டுமாம். தென்காசிப் பக்கம் பங்காளி என்றால் வரப்புத் தகராறுதான் ஞாபகம் வரும் என்பதால் கூட்டத்தில் சிலர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள்.

"நண்பர்களே, உங்களுக்கு முதலாளின்னு யாரும் கிடையாது" என்று விஜயசங்கர் ஆரம்பித்தார். "நீங்களேதான் முதலாளி. அதனால டயர் வெடிச்சா முதலாளி பாத்துக்கணும். இன்ஜின் போனா முதலாளி பாத்துக்கணும். உங்களுக்குக் காய்ச்சல் வந்தா அதையும் முதலாளியே பாத்துக்கணும். இதுலல்லாம் நாங்க தலையிடவே மாட்டோம். உங்க சுதந்திரம் எங்களுக்கு அவ்வளவு முக்கியம். எப்ப வேணும்னாலும் நீங்க வண்டியை நிறுத்தலாம். நிறுத்தினா ஐடி பிளாக் ஆயிடும். ஆனா அதைச் செய்யறது நாங்க இல்ல, மெஷின்."

"மெஷின் யாருக்க மெஷின் சார்?" என்று பின்னாலிருந்து பரீது கேட்டான். பெருமாளுக்குச் சிநேகிதன், தென்காசிக்காரன்.

"நல்ல கேள்வி" என்று சொல்லிவிட்டு விஜயசங்கர் உட்கார்ந்தார்.

பிறகு எல்லோருக்கும் பச்சைக் கோட்டு கொடுத்தார்கள். அடுத்த நாள் அதே மண்டபத்தில் ஏறிக்கோவின் விழா. அதே நாற்காலியில் சண்முகப்பிரியா என்ற அதிகாரி உட்கார்ந்து, அதே பேச்சைக் கொஞ்சம் வேகமாகப் பேசி, ஆரஞ்சுக் கோட்டு கொடுத்தார். பறபறவின் சவாரிக்குப் பச்சைக் கோட்டு, ஏறிக்கோவின் சவாரிக்கு ஆரஞ்சுக் கோட்டு. மாற்றிப் போட்டால் பிளாக். இலஞ்சி விலக்கில் நடுரோட்டில் நின்று பெருமாள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கோட்டு மாற்றினார். பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பொறுக்கமாட்டாமல் குழல்வாய்மொழி இரண்டு கோட்டையும் சேர்த்து ஒன்றாகத் தைத்துக் கொடுத்துவிட்டாள். வெளியே பச்சை, உள்ளே ஆரஞ்சு. திருப்பிப் போட்டால் கம்பெனி மாறிவிடும்.

சிரிப்புச் சோதனை என்று ஒன்று இருந்தது. தினமும் காலையில் போனைப் பார்த்துச் சிரித்துப் படம் எடுத்து அனுப்பினால்தான் ஆப் திறக்கும். பெருமாள் சிரித்தார். "சிரிப்பு போதவில்லை" என்றது பறபற. பல் தெரியச் சிரித்தார். "சிரிப்பில் உண்மை இல்லை" என்றது ஏறிக்கோ. கடைசியில் குழல்வாய்மொழி பின்னால் நின்று அவர் விலாவில் கிச்சுக்கிச்சு மூட்ட வேண்டியதாயிற்று. கல்யாணமான புதிதில்கூட அந்த வீட்டில் காலை நேரத்தில் அவ்வளவு சிரிப்புச் சத்தம் கேட்டதில்லை என்று அண்டை வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

எந்த ஆப் நல்ல ஆப் என்பதுதான் அப்போது டீக்கடைகளில் பேச்சு. இரண்டு இடத்திலிருந்து வந்த வரனை வைத்துக்கொண்டு பெண் வீட்டார் பேசுவதுபோல டிரைவர்கள் பேசினார்கள். பெருமாள் பரீதைக் கேட்டார்.

"பறபறவுல சவாரி கிட்டக்க வரும் மாமா, போயி நின்னா ஆளு வரமாட்டான். ஏறிக்கோவுல ஆளு நிப்பான், நீரு போயிச் சேரதுக்குள்ள சவாரி போயிரும்" என்றான் பரீது.

"நீ எதுல ஓட்டுத?"

"ரெண்டுலயும் என்னை பிளாக் பண்ணிட்டான். இப்பம் நான் நெசமாவே சுதந்திரமா இருக்கேன். செங்கோட்டைக்குப் பலாப்பழம் ஏத்தப் போறேன்."

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் ஒரு சனிக்கிழமை அருவியில் நல்ல தண்ணீர் விழுந்தது. மலைக்கு அந்தப் பக்கம் பெய்த மழை. பெருமாளின் டின் நிரம்பிவிட்டது. கொடுத்தவர்களில் சிலர் பறபறவில் வந்தவர்கள், சிலர் ஏறிக்கோ, பாதிப்பேர் போனில் இரண்டும் இருந்தது. போலீஸ்காரர் வந்து வண்டியை எடுக்கச் சொல்லவே, பெருமாள் மேலகரம் வரை போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்று போனார். டீ கைக்கு வந்த நேரத்தில் அவருடைய போன், "பயணி இறங்க மறுக்கிறார்" என்று ஒரு பெண்குரலில் சொன்னது. சொல்லிக்கொண்டே இருந்தது. கூடவே சென்னையிலிருந்து ஒரு கால் வந்தது.

"சார், பறபற பாதுகாப்புக் கட்டுப்பாட்டு அறையில இருந்து பேசறோம். உங்க வண்டியில இப்ப பதினோரு பேர் இருக்காங்க."

"யாரும் இல்லியே. நான் டீ குடிச்சிட்டிருக்கேன்."

"காலையில ஏறினவங்க யாருமே இன்னும் இறங்கலை சார்."

"அவங்க அருவில குளிக்காங்க."

"நீங்க மேலகரத்துல இருக்கீங்க. அவங்களும் மேலகரத்துல இருக்காங்க. அருவி மேலகரத்துலயா சார் இருக்கு?"

"இல்ல."

"அப்ப அவங்க அருவியில இல்ல."

 எதற்கும் இருக்கட்டும் என்று பெருமாள் எழுந்து போய்ப் பின்சீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தார். சாயங்காலம் பறபறவிலிருந்து எச்சரிக்கை வந்தது: அளவுக்கு மீறி ஆள் ஏற்றியது குற்றம், 'பயணிகளை இறங்க வைப்பது எப்படி' என்ற பயிற்சி வகுப்பில் பங்காளர் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும்.

ஏறிக்கோவிலும் அதே விவரம்தான் போய்ச் சேர்ந்திருந்தது. ஆனால் அங்கே அதைப் படித்தவர் சண்முகப்பிரியா. அவர் மறுநாள் காலை தாமே கூப்பிட்டார். குரல் தழுதழுத்தது.

"பெருமாள் சார், எனக்கு ராத்திரி பூரா தூக்கமே வரலை. இந்தியா முழுக்க எங்க வண்டியில ஏறினவங்க எல்லாம் எப்படா இறங்கலாம்னுதான் உட்கார்ந்திருக்காங்க. இது எங்க சர்வேயிலயே இருக்கு. உங்க வண்டியில மட்டும்தான் சார் இறங்க மாட்டேங்கறாங்க. எப்படி சார்?"

"அம்மா, அது ரஸ்க் டின்னு. அதுக்குள்ள போனு மட்டுந்தான்..."

"இந்த அடக்கம்தான் சார் உங்க பலம்" என்றார் சண்முகப்பிரியா.

தென்மண்டல ஒட்டுதல் விருது என்று ஒன்றை அன்றைக்கே உண்டாக்கி அன்றைக்கே பெருமாளுக்கு அறிவித்தார்கள். விஷயம் பறபறவுக்கு எட்டியது. அங்கே எச்சரிக்கையை வாபஸ் வாங்கினார்கள். பயிற்சி வகுப்பின் பெயர் 'பயணிகளை இறங்க விடாமல் வைப்பது எப்படி' என்று மாறியது, மாணவராகப் போக வேண்டியவர் ஆசிரியராக நியமிக்கப்பட்டார். ஏறிக்கோ அவரை வெள்ளிப் பங்காளர் ஆக்கியது. பறபற தங்கப் பங்காளர் ஆக்கியது. வைரம், வைடூரியம் எல்லாம் தாண்டி, புதன்கிழமைக்குள் பூமியில் தோண்டி எடுக்கக்கூடிய பொருள்கள் தீர்ந்துவிட்டன. கடைசியில் ஏறிக்கோ அவரைக் குடும்ப உறுப்பினர் என்று அறிவித்தது. பறபற அவரைக் குடும்பத் தலைவர் என்றது. டின், டின் என்று அவர் போனில் கத்திக்கொண்டேயிருந்தார். டேட்டா பொய் சொல்லாது என்று இரண்டு இடத்திலும் ஒரே பதில் சொன்னார்கள்.

இத்தனைக்கும் ஒரு விலை இருந்தது. குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் ஹாலில், ஞாயிற்றுக்கிழமை விழா. அன்று மதியம் பன்னிரண்டு மணிக்குள் பெருமாள் ஒரு கம்பெனியைத் தேர்ந்தெடுத்து, இனி அதில் மட்டுமே ஓட்டுவேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு கம்பெனிக்கும் அதே லாட்ஜ், அதே நாள், அதே மணி. கையெழுத்துப் போடாவிட்டால் இரண்டும் பிளாக் செய்யும். ஸ்டாண்டில் ஏற்கெனவே இடம் போய்விட்டது. ஆக, சீசன் நடுவில் பெருமாள் ஆட்டோவை வீட்டு வாசலில் நிறுத்தி அதற்குள் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான்.

ஒப்பந்தத் தாளைக் குழல்வாய்மொழி வாங்கிப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் மாறியது.

"ஏங்க, பயணியின் உடைமை எதையும் பங்காளர் கையால் தொடக்கூடாதுன்னு போட்டுருக்கு. டின்னு வைக்கக் கூடாதுங்காங்க."

"எந்தக் கம்பெனில?"

"ரெண்டுலயுந்தான். இதுல உள்ள எழுத்துப்பிழைகூட அதுலயும் அப்படியே இருக்கு."

 பெயர் தெரியாத ஊர்க்காரன் எவனோ, ஆளை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் போனையும் மோதிரத்தையும் கையில் திணித்துவிட்டுத் தண்ணீருக்கு ஓடுவானே, அது இனிமேல் இல்லை என்று நினைக்கவே பெருமாளுக்குத் தாங்கவில்லை. கையெழுத்துப் போட்டால் டின் போகும், போடாவிட்டால் சீசனே போகும். இதில் எதை என்று அவர் யாரைக் கேட்பார்?

"சாமிய கேப்போம்" என்றாள் குழல்வாய்மொழி. "பூக்கட்டிப் பாத்துருவோம்."

தென்காசிக் கோயில் வாசலில் பூ விற்கும் உமா மகேஸ்வரியிடம் போனார்கள். வாழையிலைத் துண்டில் சிவப்பு அரளியை ஒரு பொட்டலமாகவும் வெள்ளை அரளியை ஒரு பொட்டலமாகவும் கட்டித் தரச் சொன்னாள் குழல்வாய்மொழி. சிவப்பு வந்தால் பறபற, வெள்ளை வந்தால் ஏறிக்கோ. சன்னிதியில் இரண்டையும் வைத்துக் கும்பிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பெருமாள் ஒன்றை எடுத்தார். பிரித்தால் உள்ளே சிவப்பும் வெள்ளையும் கலந்து கிடந்தன. மற்றதையும் பிரித்தார்கள். அதிலும் அப்படியே.

குழல்வாய்மொழி விறுவிறுவென்று வாசலுக்கு வந்தாள். "ஏட்டி, என்ன காரியம் செஞ்சிருக்க? ஒண்ணுல ஒரு பூவுல்லா வைக்கச் சொன்னேன்?"

"எல்லாரும் அப்படித்தாங்க்கா கேக்காங்க" என்றாள் உமா மகேஸ்வரி. "நெனச்ச பூவு வரலன்னா மொகத்தத் தூக்கிட்டுப் போறாங்க. அடுத்தால எங்கிட்ட பூவே வாங்க மாட்டேங்காங்க. அதான் இப்பம்லாம் ரெண்டுலயும் ரெண்டையும் வச்சிருதேன். எத எடுத்தாலும் மனசு கோணாதுல்லா?"

இப்படியாகச் சாமியும் கைவிட்ட நிலையில் ஞாயிற்றுக்கிழமை வந்தது. லாட்ஜ் ஹாலில் மைக் செட் ஒன்றுதான். மேடையும் ஒன்றுதான். பாதிக்குப் பச்சைத் துணி, பாதிக்கு ஆரஞ்சுத் துணி. நடுக்கோட்டில் நாற்காலி போட்டுப் பெருமாளை உட்கார வைத்தார்கள். குழல்வாய்மொழி தைத்த கோட்டை எந்தப் பக்கம் வெளியே தெரியப் போடுவது என்று தெரியாமல் அவர் மடியில் வைத்திருந்தார். வெளியே சாரல். அருவிச் சத்தம் ஹாலுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது.

விஜயசங்கர் முதலில் பேசினார். "டிரைவருக்குத் தேர்வு செய்யற உரிமை வேணும். அது அவரோட பிறப்புரிமை. அந்த உரிமையை இன்னைக்குப் பன்னெண்டு மணியோட முடிச்சு வைக்கத்தான் நான் சென்னையில இருந்து வந்திருக்கேன். போட்டி இருந்தாதான் டிரைவர் நல்லா இருப்பார். அதனாலதான், போட்டியே இல்லாத நிலையை உருவாக்க எங்க கம்பெனி ராத்திரி பகலா உழைக்குது."

கைதட்டினார்கள். சண்முகப்பிரியா மைக்கை வாங்கினார். "எங்ககிட்ட டிரைவர்தான் ராஜா. ராஜா எங்க போறார், எங்க நிக்கறார், டீயை எவ்வளவு நேரம் குடிக்கறார், மரத்துக்குப் பின்னால எதுக்கு ஒதுங்கறார், எல்லாம் எங்களுக்குத் தெரியும். ராஜாவை நாங்க ஒரு நிமிஷம்கூடக் கண்ணை விட்டு அகல விடறதில்ல. இவ்வளவு அன்பு அவருக்கு வீட்டுல கிடைக்குமா?"

"வீட்டுல அவர மரத்துக்குப் பின்னாலல்லாம் யாரும் போயிப் பாக்க மாட்டோம்" என்று முன்வரிசையிலிருந்து குழல்வாய்மொழி சொன்னாள். அதற்கும் கைதட்டினார்கள்.

இரண்டு பேனா அவரை நோக்கி நீண்டன. மணி பதினொன்று தாண்டியிருந்தது. எல்லோரும் அவர் கையையே பார்த்தார்கள். பெருமாளின் வாய் தானாகத் திறந்தது. அவர் சொன்னது முப்பது சீசனாக எல்லோரிடமும் சொல்லிப் பழகியதுதான்.

"தண்ணி நல்லா விழுது. குளிச்சிட்டு வந்திருங்களேன்."

 விஜயசங்கர் ஜன்னலைப் பார்த்தார். சண்முகப்பிரியாவும் பார்த்தார். மாதக்கணக்கில் குற்றாலத்தைத் திரையில் ஒரு நீலப் புள்ளியாக மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

"இங்கன வந்துட்டு அருவித் தண்ணி தலையில படாம யாரும் ஒரு காரியமும் பாக்க மாட்டாங்க சார்" என்றார் பெருமாள். "பத்து நிமிஷம். பேனா எங்கயும் போயிராது."

"பத்து நிமிஷம்தானே" என்றார் விஜயசங்கர்.

எண்ணெய் தேய்க்கும் காமராஜ் லாட்ஜ் வாசலிலேயே நின்றிருந்தான். விஜயசங்கரை உட்கார வைத்து, முதுகில் நான்கு தட்டுத் தட்டியதும் பங்காளர் மகிழ்ச்சி மண்டல மேலாளர் முதன்முறையாக மகிழ்ச்சியாகக் காணப்பட்டார். சண்முகப்பிரியாவின் தலையில் குழல்வாய்மொழி கை நிறைய எண்ணெய் வைத்துத் தேய்த்து, பெண்கள் பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். போகும்போது இருவருக்கும் அந்தப் பிரச்சினை வந்தது. கையில் போன். எதிராளியின் ஆட்களிடம் கொடுக்க முடியாது. தங்கள் ஆட்கள் எல்லோரும் ஏற்கெனவே தண்ணீருக்குள் போயிருந்தார்கள். இருவரும் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, நேராக வந்து, ஒரு வார்த்தை பேசாமல், பெருமாள் கையில் போனைத் திணித்துவிட்டு ஓடினார்கள்.

பெருமாள் ஆட்டோவில் உட்கார்ந்து டின்னை மடியில் வைத்துக்கொண்டார். மணி பன்னிரண்டை நெருங்குகையில் டின்னுக்குள் விஜயசங்கரின் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. அவசரமோ என்னவோ என்று எடுத்தார். ஒரு பெண்குரல்.

"விஜய், குறுக்கே பேசாம கேளுங்க. ஒரு நல்ல செய்தி. பறபறவும் ஏறிக்கோவும் இன்னைக்குக் காலையில ஒண்ணாயிட்டோம். ஒரே குடும்பம். ஒரே குடும்பத்துக்கு ரெண்டு மகிழ்ச்சி மேலாளர் எதுக்கு? அதனால உங்க கனவுகளை நீங்க தேடிப் போக இன்னையில இருந்து உங்களுக்குச் சுதந்திரம் தர்றோம். உங்க ஐடி பிளாக் ஆயிடுச்சு. அதை நாங்க செய்யலை, மெஷின்."

"அவரு குளிக்காரு" என்று பெருமாள் சொல்வதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது. அடுத்த நிமிடம் சண்முகப்பிரியாவின் போன் அடித்தது. எடுத்தார். அதே குரல். "பிரியா, குறுக்கே பேசாம கேளுங்க. ஒரு நல்ல செய்தி."

பெருமாள் கடைசிவரை கேட்டார். ஒரு வார்த்தை மாறவில்லை. கடைசியாக அவருடைய சொந்தப் போன் கூவியது. அருமைப் பங்காளரே, உங்கள் குழப்பம் தீர்ந்தது, இனி பறபற ஏறிக்கோ என்று ஒரே ஆப். தொடர விருப்பமா? கீழே இரண்டு பொத்தான் இருந்தன. ஒன்றில் 'ஆம்' என்றும் மற்றதில் 'பிறகு ஆம்' என்றும் போட்டிருந்தது.

அவர் எழுந்து பார்த்தார். ஆண்கள் பக்கத்தில் விஜயசங்கர் அருவிக்குக் கீழே, கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கி ஏதோ கத்திக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. பெண்கள் பக்கத்தில் குழல்வாய்மொழியின் கையைப் பிடித்துக்கொண்டு சண்முகப்பிரியா சிரித்த சிரிப்பு எந்த மெஷினும் குறை சொல்ல முடியாத சிரிப்பு. போய்க் கூப்பிடலாமா என்று பெருமாள் ஒரு நிமிடம் யோசித்தார். வேண்டாம் என்று முடிவு செய்தார். யார் முகத்தையும் பார்க்காமல் அவராகவே செய்த முடிவு அது. பிறகு தம்முடைய போனையும் எடுத்து, எந்தப் பொத்தானையும் தொடாமல், டின்னுக்குள் போட்டு மூடினார். அதுவும் அவராகவே செய்ததுதான்.

பத்து நிமிடம் என்று போனவர்கள் ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார்கள். உதடு நீலம் பாரித்து, பல் தந்தியடித்தது. பெருமாள் சூடாக மிளகாய் பஜ்ஜி வாங்கி வைத்திருந்தார். தட்டு கிடைக்காததால் ஒப்பந்தத் தாளில் வைத்துக் கொடுத்தார்.

"ஏதாவது கால் வந்துச்சா?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"வந்துது. ரெண்டு பேருக்கும் ஒரே கால்தான். மொதல்ல பஜ்ஜியத் தின்னுங்க."

தின்று முடித்த பிறகு சொன்னார். வந்தது வந்தபடி, மெஷின் வரைக்கும் சொன்னார். இருவரும் போனைத் திறந்து பார்த்தார்கள். 'இப்படி ஒரு பயனர் இல்லை' என்றது பறபற. ஏறிக்கோவும் அதையேதான் சொன்னது. விஜயசங்கர் ஒப்பந்தத் தாளில் ஒட்டியிருந்த எண்ணெயையே பார்த்துக்கொண்டிருந்தார். சண்முகப்பிரியாவின் கண் கலங்கியது. ஈரத்தலையாக இருந்ததால் அது அவ்வளவாகத் தெரியவில்லை.

"அன்னைக்கே ரெண்டு பொட்டலத்துலயும் ஒரே பூவத்தான வச்சிருந்தா" என்றாள் குழல்வாய்மொழி. "நமக்குத்தான் புத்தியில உறைக்கல."

அப்போது ஸ்டாண்டுப் பக்கமிருந்து அருமைநாயகம் வேகமாக வந்தார். பின்னாலேயே சுரண்டையிலிருந்து வந்த ஒரு வேன் கூட்டம், எல்லோரும் துண்டோடு.

"வே பெருமாளு, ஒம்ம டின்ன எடும்" என்றார் அவர். "ஒரு மணி நேரமா நானும் என்கிட்ட தாங்கன்னு கேக்கேன். என் மொகத்தப் பாத்துப்பாத்து போன மடியிலயே முடிஞ்சிக்கிடுதாங்க. நான் என்ன களவாணியா? மரத்தடிய காலி பண்ணச் சொல்லிட்டேன். வண்டியக் கொண்டாந்து போடும். குடைய மட்டும் தூரப் போட்டுரும்."

"ஒண்ணு வீட்டுல இருக்கட்டும் அண்ணாச்சி. மழைக்கு ஆவும்" என்றாள் குழல்வாய்மொழி.

பெருமாள் வேன் கூட்டத்தின் போன்களையெல்லாம் வாங்கி டின்னில் அடுக்கி, வண்டியை வாகை மரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தினார். இறங்கி மரத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். நெஞ்சு நிறைந்திருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து ரோட்டில் கை தட்டும் சத்தம் கேட்டது. பெருமாள் திரும்பிப் பார்த்தார். விஜயசங்கர் நின்றிருந்தார், பக்கத்தில் சண்முகப்பிரியா. இருவர் கையிலும் பெட்டி. விஜயசங்கர் கூச்சத்தோடு இன்னொரு தடவை கையைத் தட்டினார்.

"ஏய் ஆட்டோ" என்றார்.

ஆட்டோ வந்தது.

"ஸ்டேஷனுக்கா சார்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "இங்க இன்னும் எத்தனை அருவி இருக்கு?" என்று சண்முகப்பிரியா மெல்லக் கேட்டார்.

பெருமாள் டின்னை எடுத்து மூடியைத் திறந்து நீட்டினார். இரண்டு போனும் உள்ளே விழுந்தன. ஐந்தருவிக்குப் போனார்கள். புலியருவிக்குப் போனார்கள். பழைய குற்றாலத்திலும் குளித்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் வண்டி தென்காசி ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றது. பெருமாள் இறங்கி, "ஸ்டேஷன் வந்துட்டு" என்றார். பின்சீட்டில் தலை துவட்டாமல் உட்கார்ந்திருந்த இருவரும் அசையவே இல்லை.